கயித்தான் பார் இருந்த இடம்

எங்கள் சேந்தமுனைக் கடலில் ஒரு பார் இருக்கிறது. பார் என்றால் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் பவளப் பாறைத் திட்டு. மீனுக்கு அது வீடு, பாராமல் இறக்கிய வலைக்கு அது எமன். அதற்கு எங்கள் ஊரில் ஒரு பெயர் உண்டு, அந்தப் பெயரை நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. கரையில் வைத்து அதை உச்சரிக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். வள்ளம் பாருக்கு நேர் மேலே நிற்கும்போது ஒரே ஒரு தடவை வாய்க்குள் சொல்லிவிட்டு வலையை இறக்குவோம், கரைக்கு வந்தபிறகு அதற்குப் பெயர் "அங்க" என்பதுதான். நான் இதைக் கரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். தவிரவும் நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் வருகிற பட்டங்கட்டி சவியேர் மொத்தா, அதாவது அந்தக் காலத்து ஊர்த்தலைவர், எங்கள் வகையறா. அவர் அன்று நடந்துகொண்ட விதத்தை நான் பூசி மெழுகக்கூடும், ஆகையால் என்னையும் கொஞ்சம் சந்தேகப்பட்டே கேளுங்கள். எங்கள் ஊரில் எல்லாரையும் அப்படித்தான் கேட்போம்.

கச்சான் காற்று ஓய்ந்து கடல் எண்ணெய் போலக் கிடந்த ஒரு மாதத்தில் பெல்லமி துரை என்பவருடைய கப்பல் வந்து நின்றது. அது சண்டைக் கப்பலும் இல்லை, சரக்குக் கப்பலும் இல்லை. நாள் முழுக்கச் சின்னப் படகுகளை இறக்கி, கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டித் தண்ணீருக்குள் விட்டு, விரித்த இரு கை நீளத்தை ஒரு பாகமாக வைத்து எத்தனை பாகம் ஆழம் என்று அளந்து, அளந்ததைக் காகிதத்தில் எழுதி, எழுதியதற்கு ஒரு பெயர் வைத்து, அடுத்த இடத்துக்கு நகர்கிற கப்பல். தெற்கே அவர்கள் அளந்துகொண்டு வந்த வழியெல்லாம் கடலடி மேடுகளுக்குப் பெயர் வைத்திருந்தார்கள், முதலில் தங்கள் ராஜாவின் பெயர், பிறகு ராஜாவின் சொந்தக்காரர்கள், பிறகு துரைக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர், அவர் மனைவி. எங்கள் ஊரை நெருங்கும்போது பெயர்கள் தீர்ந்துபோய்க் கடைசி மேட்டுக்குத் துரையின் நாயின் பெயர் போயிருந்தது. கப்பலோடு சென்னைப்பட்டினத்திலிருந்து வந்த துபாசி அப்பாசாமி முதலி கரையிறங்கி, இங்கே பெரிய பார் ஒன்று இருப்பதாகத் துரை கேள்விப்பட்டிருக்கிறார், காட்டுவதற்கு ஆள் வேண்டும் என்றார். யார் சொல்லித் துரை கேள்விப்பட்டார் என்று ஊர் அன்றைக்கே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது.

பார் எங்கே இருக்கிறது என்பதைக் கடலைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது, கரையைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். வள்ளத்தில் நின்று திரும்பிப் பார்த்தால் கோயில் குருசும் கரையோரத்துக் கிளைப்பனையும் ஒன்றன்மேல் ஒன்று வர வேண்டும். தெற்கே உப்புக் கொட்டகையின் மூலை செம்மணல் மேடான தேரியின் தோளை விட்டுச் சற்றே விலக வேண்டும். இரண்டும் சேர்கிற இடத்தில் கீழே பார் கிடக்கும். இதற்குக் கணியம் என்று பெயர். தகப்பன் மகனுக்குக்கூடக் கணியத்தைக் கரையில் வைத்துச் சொல்லமாட்டான்.

கோயில் முற்றத்தில் ஊர் கூடியது. காட்டமாட்டோம் என்றால் துப்பாக்கி வரும், காட்டினால் பார் போய்விடும்; காவல் படகு போட்டு, கொடி நட்டு, எங்கள் மீனுக்கு நாங்களே அனுமதி கேட்டு நிற்க வேண்டிவரும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பொய்யான இடத்தைக் காட்டி அனுப்பிவிடலாம் என்று முடிவானது.

"கயித்தான் போகட்டும்" என்றார் பட்டங்கட்டி. "பொய் சொன்னா முகம் மாறாத ஆளு ஊருக்குள்ள அவரு ஒருத்தருதான்."

அன்றைக்கு அது பாராட்டாகச் சொல்லப்பட்டது. கயித்தானுக்கு அப்போது முப்பத்தைந்து வயது, சொந்த வள்ளம் ஒன்று, மதலேனம் என்று ஒரு மனைவி, இரண்டு பெண்பிள்ளைகள்.

"கடல்ல நான் பொய் சொன்னதில்ல பட்டங்கட்டியாரே" என்றான் அவன். "சீட்டு ஆடும்போது சொல்லியிருக்கேன், அம்புட்டுத்தான்."

"இது கடலுக்குச் சொல்லுத பொய் இல்லவே, கப்பலுக்குச் சொல்லுத பொய். கிளைப்பனைக்குப் பதிலா சுண்ணாம்புக் காளவாய்ப் பொகையக் காட்டும். அங்க பன்னெண்டு பாகம், வெறுஞ்சேறு. குண்டப் போட்டுப் பாத்துட்டு மனசு விட்டுப் போயிருவான்."

கப்பலுக்குச் சொல்வதைக் கடல் கேட்காது என்று நினைத்ததுதான் நாங்கள் செய்த தப்பு. நாங்கள் என்கிறேன், ஏனென்றால் எங்கள் பட்டங்கட்டி தனியாகச் செய்தார் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை.

மறுநாள் நடுப்பகலில் கயித்தான் கப்பலின் மேல்தட்டில் நின்று கரையைத் திரும்பிப் பார்த்தபோது காளவாயில் புகை இல்லை. அன்று காளவாய்க்காரன் சூளையை அவித்துவிட்டிருந்தான். ஏன் அவித்தான் என்பது தனிச் சந்தேகம், அதை எங்கள் ஊர் இன்னும் பேசி முடிக்கவில்லை. துரை காகிதத்தோடு காத்திருந்தார், துபாசி "சொல்லப்பா, எதற்கு நேராக?" என்று மூன்றாம் தடவையாகக் கேட்டார், கயித்தானின் கண் கரை முழுக்க ஓடி வேறு எதையும் பிடிக்காமல் தன் வீட்டுக் கூரைமேல் போய் நின்றது. அங்கே மூங்கில் கழியில் சாயவேரில் தோய்த்த ஒரு சிவப்புச் சேலை காய்ந்துகொண்டிருந்தது. ஊருக்கு அது துணி உலர்த்துவது. கயித்தானுக்கு மட்டும் அது மதலேனம் சொல்லும் செய்தி. சோறு வடித்தாயிற்று, வீட்டில் எல்லாரும் சுகம், வாரும் என்று பொருள். கல்யாணமான வருஷத்திலிருந்து அவன் கடலுக்குப் போன ஒவ்வொரு நாளும் அந்தச் சிவப்பு அந்தக் கழியில் ஏறாமல் இருந்ததில்லை.

"கோயில் குருசும் அந்தச் சிவப்பும் ஒண்ணுமேல ஒண்ணு வரணும்" என்றான் கயித்தான், முகம் மாறாமல். "தெக்க உப்புக் கொட்டகை தேரியோட தோள விட்டு வெலகணும்."

பாதிப் பொய்யோடு பாதி மெய்யைக் கலப்பது அவனுக்குச் சீட்டாட்டத்தில் வந்த பழக்கம். துபாசி மொழிபெயர்த்தார், துரை எழுதினார், கப்பல் நகர்ந்து அந்த இடத்தில் நின்றது, குண்டை விட்டார்கள். பன்னிரண்டு பாகம் போக வேண்டிய கயிறு இரண்டு பாகத்தில் தளர்ந்தது. இழுத்துப் பார்த்தால் குண்டின் அடியில் அப்பியிருந்த கொழுப்பில் ரோஜா நிறத்தில் பவளப் பொடி ஒட்டியிருந்தது. கயித்தான் விளிம்பில் குனிந்து எட்டிப் பார்த்தான். விசிறி விசிறியாக, மூளை மூளையாக, இடுக்குகளில் கிளிமீன்கள் மேய, நடுவில் அவன் அப்பாவின் நங்கூரம் கீறிய பழைய வடுவோடு, பார் அங்கே வந்து கிடந்தது.

ஏன் வந்தது என்பதற்கு எங்கள் ஊரில் ஒரே ஒரு விளக்கம்தான் உண்டு. சேந்தமுனைக்காரன் கணியத்தில் பொய் சொல்லி அது கேட்டதே இல்லை. கயித்தான் சொன்னதும் நம்பிவிட்டது.

துரைக்கு மகிழ்ச்சி. இதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று கேட்டார். பார் நேர் கீழே கிடந்தது, பெயர் கயித்தானின் நாக்கு நுனிக்கு வந்தது, அவன் அதை விழுங்கிவிட்டு, "பேரு கெடையாது" என்றான். துரை யோசித்தார். ராஜாக்களும் தீர்ந்து நாயும் தீர்ந்துபோயிருந்த நேரம் அது. பேனாவை மையில் தோய்த்து, உன் பெயர் என்ன என்று கேட்டு, வரைபடத்தில் பெரிய எழுத்தில் கயித்தான் பார் என்று எழுதினார்.

"ஐயா, என் பேரு வேண்டாம்னு சொல்லும்" என்று துபாசியின் கையைப் பிடித்தான் கயித்தான். "ஒம்ம பேர எழுதச் சொல்லும். இந்தக் கப்பல் பேர எழுதச் சொல்லும். என் பேரு மட்டும் வேண்டாம்."

"பைத்தியக்காரா, துரை மரியாதை செய்கிறார். வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வது?"

மரியாதை அத்தோடு நிற்கவில்லை. அவனைக் கரையில் விட வந்த படகில் துபாசி எழுந்து நின்று, கடற்கரையில் திரண்டிருந்த ஊருக்குக் கேட்கும்படியாக, பார் கிடைத்துவிட்டது என்றும், இவன் உதவியால் கிடைத்தபடியால் அதற்கு இனிமேல் கயித்தான் பார் என்று பெயர் என்றும் சத்தமாகச் சொன்னார். கயித்தான் கையில் ஒரு பை கப்பல் ரொட்டி இருந்தது. அவன் இறங்கி நடந்து வந்தபோது ஊர் இரண்டாகப் பிரிந்து வழி விட்டது, அதை யாரும் மரியாதை என்று தப்பாக எடுத்துக்கொள்ள முடியாது.

"பொய்தான் சொன்னேன்" என்றான் கயித்தான். "மாதா மேல ஆணையா பொய்தான் சொன்னேன். அது அங்க வந்து கெடக்கு."

"எந்தக் கணியம் சொன்னீரு?" என்று கேட்டார் பட்டங்கட்டி.

கயித்தான் தலையை நிமிர்த்திப் பார்த்தான். கூட்டத்துக்குப் பின்னால் மதலேனம் நின்றுகொண்டிருந்தாள். என் பெண்டாட்டியின் சிவப்புச் சேலைக்கு நேராக என்று அவன் சொல்லியிருந்தால், கூரையில் சிவப்புக் கொடி கட்டிக் கப்பலைக் கூப்பிட்டவள் அவள்தான் என்று ஊர் அந்த இடத்திலேயே முடிவு கட்டியிருக்கும். எங்கள் ஊரை அவனுக்குத் தெரியும். "கரையில சொல்லக் கூடாதுல்ல" என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் விடிந்ததும் ஒன்பது வள்ளங்கள் போய்க் குருசையும் கிளைப்பனையும் நேர்படுத்தி வலையை இறக்கின. சேறு வந்தது. பார் இடம் மாறியதைப் பற்றி எங்கள் ஊரில் ஒருவரும் வாயைப் பிளக்கவில்லை. ஒருத்தி வீட்டை விட்டுப் போனால் எங்கே போனாள் என்று கேட்பதற்கு முன்னால் யாரோடு போனாள் என்று கேட்கிற ஊர் இது, அதையேதான் பாருக்கும் கேட்டது. கப்பல் கயிற்றால் இழுத்துப் போனது என்று சிலரும், பெயர் மாறியதால் கோபித்துக்கொண்டு போனது என்று சிலரும் சொன்னார்கள், கயித்தான் விற்றுவிட்டான் என்பதில் மட்டும் இரண்டு பேச்சு இல்லை. கப்பல் ரொட்டியைத் தெருநாய்க்குப் போட்டுப் பார்த்தார்கள். நாய் முகர்ந்துவிட்டு நகர்ந்தது, அதையும் ஒரு சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு ஊர் தன்னைத் தானே காவல் காக்கத் தொடங்கியது. கரையில் ஒரு பொருள் நகர்ந்தால் கடலில் ஒன்று நகரும் என்ற பயம் வந்துவிட்டதால், கிளைப்பனைக்கு ஓலைப்பாய் சுற்றி இரண்டு பேர் முறைபோட்டு உட்கார்ந்தார்கள், விதவை ரெஜினாள் கூரை மாற்றக் கூடாது என்று தடை போட்டார்கள், மேட்டில் மேய்ந்த வெள்ளாடு ஒன்றுக்குத் தூரத்தில் தெரியாதபடி கரி பூசினார்கள், பெண் பார்க்க வந்த வெளியூர்க்காரர்களைக் கடல் பக்கம் தலை திருப்பாமல் பின்தெரு வழியாகக் கூட்டிப்போய் அதே வழியில் அனுப்பினார்கள். கோயில் குருசைச் சாக்கால் மூடலாம் என்று ஒருவன் சொல்லப்போக, பங்குச் சாமியார் பிரம்பை எடுத்தார். கடலில் ஒவ்வொருவனும் தான் எந்த அடையாளத்தைப் பார்க்கிறான் என்பது மற்றவனுக்குத் தெரியக் கூடாது என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டே துடுப்புப் போட்டதில் இரண்டு வள்ளங்கள் முட்டி ஒன்றின் முன்முனை அணியம் உடைந்தது. முட்டியதே வேண்டுமென்றுதான் என்று இரண்டு வீடும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை.

கயித்தானை யாரும் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அவன் வள்ளத்துக்குத் தோள் கொடுப்பதை மட்டும் நிறுத்திவிட்டார்கள். அலை அடிக்கிற கரையில் வள்ளத்தை ஏற்றுவதற்கு எட்டுத் தோளாவது வேண்டும், யார் வள்ளம் வந்தாலும் கரையில் நிற்கிறவர்கள் ஓடிப்போய்த் தோள் கொடுப்பது எங்கள் பழக்கம். ஆண்கள் மட்டும்தான், பெண் கை வள்ளத்தில் படக் கூடாது. கயித்தான் கரை சேர்ந்தால் எல்லாரும் வலையின் முடிச்சை எண்ணுவதுபோலக் குனிந்துகொள்வார்கள். கடல் ஏறி வந்து தானாகத் தள்ளிவிடும் வரை அவன் இடுப்பளவு தண்ணீரில் வள்ளத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பான், சில நாள் மூன்று நாழிகை, சில நாள் ஐந்து நாழிகை. இதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது என்று பிற்காலத்தில் எல்லாரும் சொன்னார்கள்.

மதலேனமும் சந்தேகப்பட்டாள். ஊருக்குச் சொல்லாவிட்டால் போகட்டும், கட்டினவளுக்கு ஏன் சொல்லவில்லை என்பது அவளுக்கு நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. மூன்றாவது வாரம் அவள் கோபத்தில் சேலையைக் கூரைக் கழியில் கட்டாமல், வடக்கே புறவாசல் முருங்கைக் கிளையில் சும்மா துணி உலர்த்துவதுபோல வீசிவிட்டாள். கரையில் ஒரு முழம் நகர்ந்தால் கடலில் ஒரு கூப்பிடு தூரம். அன்றைக்குப் பட்டங்கட்டியின் புது வலை, கடல் பிறந்ததிலிருந்து கல் இல்லாத இடத்தில், கல்லில் மாட்டிக் கிழிந்தது. மறுநாள் கரையில் அதைப் பற்றிப் பேசிக்கொண்டது கயித்தான் காதில் விழுந்ததும் அவன் வீட்டுக்கு ஓடினான்.

"ஏட்டி மதலேனா, நேத்து சேலைய எங்க கட்டின?"

"ஏன், அதையும் கப்பல்காரன் கேட்டானாக்கும்?"

அவன் அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னான். புகை இல்லாத காளவாய், கண் போய் நின்ற கூரை, இரண்டு பாகத்தில் தளர்ந்த கயிறு. அவள் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"ஊரு ஒம்மப் பேசுறது பத்தாதுன்னு என் சேலையையும் தெருவுக்கு இழுக்கீரா?" என்றாள். "கடல்ல கெடக்குற கல்லு என் சேல பின்னால வருமா? இந்தா, பழைய எடத்துலயே கட்டுதேன். ஒம்ம பார் வந்து என்ன செய்யுதுன்னு பாப்போம்."

கட்டினாள். கயித்தான் மறுநாள் தனியாகப் போய்ப் பார்த்தான், பார் பழையபடி சிவப்புக்கு நேராக வந்து கிடந்தது. அதன் பெயரை ஒரு தடவை சொன்னான், வலையை இறக்காமல் திரும்பினான். தான் சொன்னதை நம்பிய ஒன்றே ஒன்று அதுதான், அதற்குப் போய்க் கெடுதல் செய்துவிட்டோமே என்று அவனுக்கு அழுகை வந்தது.

பெல்லமி துரையின் கப்பல் வடக்கே அளந்து முடித்துத் திரும்பி வந்தது, இந்தத் தடவை மேல்தட்டில் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கான ஓர் இரும்புக் கம்பத்தோடு. கம்பத்தைப் பார் மேல் நட்டு, உச்சியில் கொடி கட்டி, கீழே காவல் படகு நிறுத்தப் போகிறார்கள் என்று துபாசி சொன்னார். கம்பம் நட்ட பார் எங்கேயும் போக முடியாது என்பதை யாரும் எங்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. பழையபடி கயித்தானைத்தான் கூப்பிட்டார்கள்.

பட்டங்கட்டி கடற்கரைக்கு வந்து அவன் முன்னால் நின்றார். "நாங்களும் பின்னால வள்ளத்துல வாறோம். நீரு கப்பலுக்குச் சொன்ன கணியத்த அங்க தண்ணி மேல வச்சு எங்களுக்குச் சொல்லும். சொன்ன எடத்துல பார் கெடந்தா நீரு பொய்தான் சொன்னீருன்னு ஊரு ஒத்துக்கிடும், நானே முதல்ல தோள் குடுக்கேன். கெடக்கலன்னா இனிமே இந்தக் கரையில ஒமக்கு எடம் இல்ல."

அதாவது இரண்டு மாதத்துக்குப் பிறகு அவன் கையில் முதல் தடவையாக ஒரு சாட்சி வந்திருந்தது. பார் அங்கே கிடக்கிறது, ஊர் வந்து பார்க்கப் போகிறது, அதற்குப் பிறகு கம்பம் ஏறினாலும் அவன் உண்மைக்காரன். வீட்டு வாசலில் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டே மதலேனத்திடம் ஒன்றே ஒன்று சொன்னான்.

"இன்னைக்குச் சேலைய ஒன் இஷ்டம்போலக் கட்டு."

அவள் வழக்கம்போலக் கூரையில் கட்டிவிட்டு, வாசலில் நின்று பார்த்தாள். கப்பல் நின்றது, படகு இறங்கியது, வெள்ளைக்கார மாலுமிகள் எட்டுப் பேர் நடுக்கடலில் பாரின் உயர்ந்த முகட்டில் இடுப்பளவு தண்ணீரில் ஏதோ குளத்தில் நிற்பதுபோல நின்று கம்பத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். எங்கள் பெரியவர்களின் வள்ளம் காற்று இல்லாததால் துடுப்புப் போட்டுப் பாதி வழியில் வந்துகொண்டிருந்தது. இன்னும் அரை நாழிகை பொறுத்தால் வள்ளம் போய்ச் சேரும், பட்டங்கட்டி எட்டிப் பார்ப்பார், அவள் புருஷன் மேல் விழுந்த பழி கழுவிப்போகும். அப்போது சம்மட்டிச் சத்தம் கேட்டது. அமைதியான கடல்மேல் ஒன்று, கொஞ்சம் பொறுத்து இரண்டு, கொஞ்சம் பொறுத்து மூன்று.

மதலேனம் நாற்காலியில் ஏறிக் கழியோடு சேலையைப் பிடுங்கினாள். தோளில் சாத்திக்கொண்டு மணலில் ஓடினாள். காவலிருந்த இரண்டு பேரும் கம்பம் நடுவதைப் பார்க்கக் கரை விளிம்புக்குப் போயிருந்தார்கள். அவள் கிளைப்பனையின் ஓலைப்பாயை விலக்கி, இரண்டு கிளையும் பிரிகிற கவட்டுக்கு நேராகக் கழியை உயர்த்திச் சாத்தி, சிவப்பை விரித்துப் பிடித்துக்கொண்டு, மாதாவே நான் ஒரு முட்டாள் என்று நினைத்துக்கொண்டு, பரலோக மந்திரம் ஒன்று முழுவதும் சொன்னாள். ஆமென் சொல்லிக் கடலைப் பார்த்தபோது இடுப்பளவில் நின்ற எட்டு மாலுமிகளும் இல்லை, எட்டுத் தொப்பிகள் மிதந்தன. அவள் உடனே கழியை இறக்கி, சேலையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். நடக்கும்போது அவள் நினைத்தது பாரை அல்ல, இரண்டு மாதமாக அவனை ஒற்றைப் பாயில் தனியாகப் படுக்கவைத்தோமே என்பதைத்தான்.

நாலாவது அடிக்கு ஓங்கிய சம்மட்டி காற்றில் சுற்றியது, கம்பம் மாலுமிகளின் கையை விட்டுப் பன்னிரண்டு பாகத்துக்குக் கீழே சேற்றுக்குள் இறங்கியது, எட்டுப் பேரையும் படகில் தூக்கிப் போட்டார்கள். ஒருவரும் சாகவில்லை. கப்பலில் எல்லாரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கயித்தான் ஒருவன் மட்டும் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கூரையிலிருந்து கிளம்பிய ஒரு சிவப்புப் புள்ளி மணல் வழியாக ஓடிப் பனையடியில் நின்று மறைந்ததை அவன் கண்டான். துரை தூரக்கண்ணாடியில் சிவப்பைத் தேடினார், குருசு தெரிந்தது, கூரைகள் தெரிந்தன, சிவப்பு என்று எதுவுமே இல்லை. அப்போதுதான் எங்கள் பெரியவர்களின் வள்ளம் வந்து சேர்ந்தது. பட்டங்கட்டி குனிந்து பார்த்தார், கயிறு விட்டுப் பார்த்தார்.

"எங்கவே பார்?"

"இல்ல பட்டங்கட்டியாரே" என்றான் கயித்தான். "இங்க இல்லவே இல்ல." சொல்லிவிட்டுச் சிரித்தான், சிரிக்கும்போது கண்ணில் தண்ணீர் வழிந்தது. அந்தச் சிரிப்பைத்தான் எங்கள் ஊர் குற்றத்தை ஒப்புக்கொண்டதற்குச் சாட்சியாக வைத்துக்கொண்டது.

துரை அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. கரையில் விடும்போது துபாசி சொன்னார், வரைபடத்தின் முதல் படி ஏற்கெனவே சீமைக்குப் போய்விட்டதால் பெயரை அழிக்க முடியாதாம், பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒன்று சேர்த்திருக்கிறார்களாம். கயித்தான் பார், இருப்பது சந்தேகம். இதைக் கேட்டதும் ஊர் தலையாட்டியது. வெள்ளைக்காரனே எழுதிவிட்டான், இனி நாம் என்ன சொல்ல இருக்கிறது என்றார்கள்.

மறுநாள் விடிகாலையில் வழக்கம் விடாமல் குருசையும் கிளைப்பனையும் நேர்படுத்திப் பார்த்த ஒரு வள்ளம் விளமீன்களை அள்ளிக்கொண்டு வந்தது. பார் பழைய இடத்துக்கே வந்திருந்தது. ஊர் கோயில் மணியை அடித்தது, கிளைப்பனையின் ஓலைப்பாயைக் கிழித்தெறிந்தது, ரெஜினாள் கூரையைப் பிரித்தாள், கரி பூசிய ஆட்டைக் குளிப்பாட்டினார்கள். கயித்தான் விஷயத்தில் மட்டும் ஒன்றும் மாறவில்லை. "திரும்பக் கொண்டாறத் தெரிஞ்சவனுக்குத்தான் கொண்டுபோவவும் தெரியும்" என்றார் பட்டங்கட்டி. கரையில் இடம் இல்லை என்று தான் சொன்னதை நிறைவேற்றும் அளவுக்கு அவருக்கு மனம் துணியவில்லை, நம்பும் அளவுக்கும் துணியவில்லை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள், கேட்க வேண்டியதுதான். மதலேனத்தின் பேத்தி எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தாள், வரும்போது இந்தக் கதையைக் கொண்டுவந்தாள். ஐம்பது வருஷம் சொன்னாள். எங்கள் வீட்டில் ஒருவரும் நம்பவில்லை.

ஆனால் கடைசியாக நடந்ததை ஊரே பார்த்திருக்கிறது. பார் திரும்பி வந்த அன்று மத்தியானம் கயித்தானின் வள்ளம் விளிம்புவரை மீனோடு கரைக்கு வந்தது. கரையில் முப்பது ஆண்கள் இருந்தார்கள், முப்பது பேரும் வலை முடிச்சைப் பார்க்கக் குனிந்தார்கள், கயித்தான் இறங்கி இடுப்பளவு தண்ணீரில் வள்ளத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். மதலேனம் மேட்டிலிருந்து இறங்கி வந்தாள். அந்தச் சிவப்புச் சேலையை அன்று உடுத்தியிருந்தாள். ஒருவரையும் பார்க்காமல், முந்தானையை வரிந்து கட்டிக்கொண்டு, அலைக்குள் நடந்துபோய், எந்தப் பெண் கையும் படக் கூடாத வள்ளத்தின் மறுபக்கத்தில் தோளைக் கொடுத்தாள்.

"ம், தள்ளும்" என்றாள்.

இரண்டு பேரும் தள்ளினார்கள். அலை வந்தால் ஒரு முழம் ஏறும், அலை போனால் அரை முழம் சறுக்கும், மறுபடி ஒரு முழம் ஏறும். எட்டுத் தோள் வேண்டிய வேலை, நாலு தோளோடு பொழுது சாயும் வரை நடந்தது. எங்கள் பட்டங்கட்டி கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார். அவர் ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தார் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். நான் நம்பவில்லை.